வடிவமைப்பு முற்றிலும் இலவசம்

“அஞ்சாயிரம் ஆகும்மா... இல்ல, நாலாயிரத்து ஐநூறு. உங்களுக்குன்னா நாலே போதும். சரி, மூணாயிரமாவே வச்சுக்கலாம்.”

போனின் அந்தப் பக்கம் இருந்த மூக்குக்கண்ணாடிக்கடை அம்மா “எவ்வளவு ஆகும்?” என்று கேட்ட வாயை இன்னும் மூடியிருக்கக்கூட மாட்டார். அதற்குள் சின்னவள் விலையை ஏற்றி, இறக்கி, ஊர்வலம் விட்டு, தரையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

அக்கா சீப்பும் கையுமாக அறை வாசலில் நின்றாள். பாதித் தலை வாரியிருந்தது, மீதி தோளில் கிடந்தது.

“வச்சுட்டாங்களா?”

“வச்சுட்டாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“ரொம்ப சந்தோஷம்னு சொன்னாங்க.”

“ஏன் சொல்ல மாட்டாங்க? அவங்க பேரம் பேசினாங்களா?”

“இல்ல.”

“அதிகம்னு சொன்னாங்களா?”

“இல்லக்கா.”

“ஒரு மூச்சாவது விட்டாங்களா?”

“எனக்குக் கேக்கல.”

“நீ விட விட்டாத்தானே! ஏண்டி, எதிராளி பேச வேண்டியதையும் நீயே பேசிட்டா அவங்க எதுக்குப் போன் பண்ணணும்? நீயே உனக்குப் போன் பண்ணிக்கலாமே.”

சின்னவள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா சொன்னது அத்தனையும் சரி. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அக்காவுக்கு இதெல்லாம் விளங்காது. அவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். கன்னம் வீங்கி, கண்ணில் நீர் முட்ட வந்து நிற்கும் மனிதரிடம், பல் ஒன்றுக்கு இவ்வளவு, வேர் சிகிச்சை என்றால் இவ்வளவு என்று மின்விசிறியைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொல்வாள். அழுதாலும் அதே தொகை, சிரித்தாலும் அதே தொகை.

சின்னவள் மூன்று வருடம் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருந்தாள். விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், ஃப்ளெக்ஸ் போர்டு எல்லாம் அவள் கையால் போனவைதான். போன மாதம் வாடிக்கையாளர் ஒருவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலாளியிடம், “உங்க மெஷின் சூப்பரா டிசைன் பண்ணுதுங்க” என்றார். முதலாளியும், “புது மெஷின் சார்” என்றார். மெஷினுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் அன்றைக்குச் சாயங்காலமே எழுந்து வந்துவிட்டாள். இனி தனியாகத்தான் தொழில்.

அக்கா அதற்குத் தடை சொல்லவில்லை. ஆனால் ஓர் ஒப்பந்தம் போட்டாள்.

“ஒருத்தர். ஒரே ஒருத்தர். நீ கணக்குப் போட்டுச் சொன்ன ரேட்டுக்கு, நீ குறைக்காம, சரின்னு சொல்லட்டும். இந்த மாசம் முடியறதுக்குள்ள. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா நீ பேசாம பிரஸ்ஸுக்கே திரும்பிப் போ. உன் முதலாளிதான் நாற்காலியை இன்னும் காலியா வச்சிருக்காரே.”

அந்த மாதத்தில் மிச்சம் இருந்தது இந்த ஒரு வாரம்தான்.

*

“முதல்ல விசிட்டிங் சார்ஜ் போடு” என்றார் மாமா.

அக்காவின் கணவர். ஏ.சி., ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். பிளக் சொருகாமலேயே ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று கூப்பிட்ட வீட்டிலும், பிளக்கைச் சொருகிவிட்டு விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு வருகிறவர். சாப்பாட்டு மேசையில் ரேட் பேச்சு வந்ததும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“மாமா, நான் எங்க விசிட் பண்றேன்? இந்த மூலையிலதானே உக்காந்திருக்கேன்?”

“அவங்க உன்னை விசிட் பண்றாங்கல்ல? அதுக்குப் போடு.”

“பல்லுக்கு இவ்வளவுங்கற மாதிரி வச்சுக்கோயேன்” என்றாள் அக்கா.

“லோகோவுக்கு எங்கக்கா பல்லு?”

“எழுத்துக்கு இவ்வளவு.”

“அப்ப சின்னப் பேரு வச்ச கடைக்காரன் பிழைச்சான், நீளமாப் பேரு வச்சவன் செத்தான்.”

“மணிக்கு இவ்வளவுன்னு போட்டா?” இது மாமா.

“போட்டுப் பாத்தேன் மாமா. வேகமா செய்யறவளுக்குத்தான் அதுல நஷ்டம்.”

“அப்ப மெதுவா செய்.”

“மெதுவா செய்யத் தெரியாது. மூணு வருஷமா பின்னாடி ஆள் நின்னு ‘ஆச்சா, ஆச்சா’ன்னு கேட்டுக் கேட்டு, கை அப்படிப் பழகிப் போச்சு.”

“இவளை வச்சுக்கிட்டு என்னங்க பண்றது?” என்று அக்கா சோற்றுக் கரண்டியோடு மாமாவைப் பார்த்துக் கேட்டாள். “எதைச் சொன்னாலும் அதுல ஒரு ஓட்டை இருக்கு.”

“இருக்கே! நான் என்ன பண்ண?”

மாமா எழுந்து போய் ஏ.சி. ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்தார். காதுக்குப் பின்னால் இருந்த பென்சிலை எடுத்தார். வீட்டுச் செலவில் அவள் பங்கு, கம்ப்யூட்டர் தவணை, இணையம், கரண்ட், உடம்புக்கு முடியாமல் படுத்தால் ஆகும் செலவு என்று வரிசையாகக் கேட்டார். பிறகு மாதத்தில் பாதி நாள் வேலை தேடவும், கெஞ்சவும், வராத பாக்கியைக் கேட்டு அலையவும் போய்விடும் என்று அந்தப் பாதியை அடித்துவிட்டார்.

“ஏன் மாமா அடிக்கறீங்க?”

“அந்த நாளுக்கு யாரு காசு தருவா? இந்த நாள்லதான் அந்த நாளுக்கும் சம்பாதிக்கணும். இது தெரியாம நான் முதல் வருஷம் பூரா சைக்கிள்ல சுத்தினேன்.”

லோகோ, கார்டு, போர்டு மூன்றும் சேர்ந்த ஒரு வேலைக்குப் பன்னிரண்டாயிரம் என்று வந்து நின்றது கணக்கு. திருத்தம் இரண்டு முறை. பாதித் தொகை முன்பணம்.

“அவ்வளவா!”

“கணக்கு சொல்லுது. என்னைப் பாத்து ஏன் கண்ணை உருட்டறே?”

“யாரு குடுப்பாங்க மாமா?”

“குடுக்கறாங்களோ இல்லையோ, முதல்ல நீ சொல்லு” என்றாள் அக்கா. “சொல்லிட்டு வாயை மூடு. எங்க க்ளினிக்ல தொகையைச் சொன்னதுக்கு அப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசினா அவ்வளவுதான், அடுத்தவங்க அதைப் பிடிச்சுத் தொங்குவாங்க.”

“எனக்கு அந்த நேரத்துல வாய் நிக்க மாட்டேங்குதுக்கா.”

“தெரியுது. அதனால அடைச்சுக்கோ.” அக்கா ஒரு டம்ளர் தண்ணீரை அவள் முன்னால் நகர்த்தினாள். “தொகையைச் சொல்லு. ஒரு வாய் தண்ணியை எடுத்து உள்ளயே வச்சுக்கோ. அவங்க பேசற வரைக்கும் முழுங்காதே.”

“பைத்தியக்காரத்தனமா இருக்கு.”

“உன் வியாதிக்கு இதுதான் மருந்து.”

ஒத்திகை நடந்தது. மாமா வாடிக்கையாளர்.

“பன்னிரண்டாயிரம் ஆகும் சார்” என்றாள் சின்னவள். ஒரு வாய் தண்ணீரை எடுத்துக் கன்னத்தில் நிறுத்தினாள்.

மாமா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “ஐயோ, என்னம்மா இது, எங்க வீட்டு ஃப்ரிட்ஜே அவ்வளவு வராதேம்மா!” என்று தழுதழுத்தார்.

அவ்வளவுதான். வாயில் இருந்த தண்ணீர் முழுவதும் மாமாவின் சட்டையில்.

“நல்லா விளங்கிடும்” என்றாள் அக்கா.

*

டிரைவிங் ஸ்கூல்காரரின் அலுவலகம் ஒரே அறை. சுவர் முழுக்கச் சாலைக் குறிகள். மேசையின் ஓரத்தில், கற்க வருகிறவர்கள் பிடித்துப் பழகுவதற்காக, வண்டியே இல்லாத ஸ்டியரிங் ஒன்று திருகி வைக்கப்பட்டிருந்தது. அவர் பேசும்போதெல்லாம் அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். அச்சகத்தின் பழைய வாடிக்கையாளர். சின்னவளை நன்றாகத் தெரியும்.

“வாம்மா. தனியா கிளம்பிட்டியாமே? நல்லது. இந்த லோகோவை மாத்தணும். நேத்து ஒருத்தர் பேன்ட்டோட வந்து இடுப்பைப் பிடிக்கணும்னு நிக்கறாரு.”

“ஏன் சார்?”

“நீயே பாரு. ஸ்டியரிங் மாதிரியா இருக்கு? சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கு. தையக்கடைன்னு நினைச்சுட்டாரு. இதைப் போட்டது யாரு?”

“நான்தான் சார்.”

“அதான் கேக்கறேன்!”

“அன்னைக்கு நீங்க பின்னாடி நின்னுக்கிட்டு, டீ ஆறதுக்குள்ள முடின்னு சொன்னீங்க சார். ஆறதுக்குள்ள முடிச்சேன்.”

“அதுக்காகப் பொத்தான் போடுவியா? சரி விடு. இப்ப நிதானமாப் போடு. புதுசா ஒரு வண்டி வாங்கிருக்கேன். லோகோ, கார்டு, வண்டிக்குப் பின்னாடி மாட்டற போர்டு. மொத்தமா என்ன ஆகும்?”

சின்னவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

“தாகமாம்மா?”

“இல்ல சார். பன்னிரண்டாயிரம் ஆகும்.”

பாட்டிலைக் கவிழ்த்து ஒரு வாய் எடுத்தாள். முழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பி நின்றன.

ஸ்டியரிங் நின்றது.

“பன்னிரண்டா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“அச்சடிச்சுக் குடுத்தா?”

இல்லை என்று ஆட்டினாள்.

“வெறும் டிசைனுக்கா?”

ஆம்.

“ஏம்மா, நான் என்ன, தெரியாத ஆளா? பிரஸ் வாசல்ல போர்டு தொங்குதே! ‘வடிவமைப்பு முற்றிலும் இலவசம்.’ மஞ்சள் நட்சத்திரம் போட்டு, சிவப்பு எழுத்துல. பஸ்ல போறவனுக்குக்கூடத் தெரியும். அந்த போர்டைப் பாத்துத்தான் நானே அங்க முதல்ல போனேன். அதுலயும் அந்த ‘முற்றிலும்’ இருக்கு பாரு, அதுதான்மா என்னை இழுத்தது. வெறும் இலவசம்னா எங்கயோ கொக்கி இருக்கும்னு நினைச்சிருப்பேன். ‘முற்றிலும்’னு பாத்ததும் நம்பிக்கை வந்துடுச்சு. யாரு யோசிச்சாங்களோ!”

தண்ணீர் போக வேண்டிய வழியை விட்டு வேறு வழியில் போனது. சின்னவள் இருமினாள். கண்ணில், மூக்கில் எல்லாம் நீர். அவர் பதறி எழுந்து அவள் தலையில் தட்டினார்.

“நான்தான்... சார்...” என்றாள் இருமலுக்கு நடுவில்.

“என்னது?”

“அந்த போர்டு. நான் போட்டது.”

“பாத்தியா! நீயே எழுதிட்டு நீயே காசு கேட்டா எப்படி?”

“சார், பக்கத்துத் தெருவுல ஒருத்தர் வண்டி ஓட்ட இலவசமா கத்துக்குடுத்தா, நீங்க உங்க ஃபீஸை விட்டுடுவீங்களா?”

“அதெப்படி? இலவசமா கத்துக்கிட்டவன் எங்கயாவது கொண்டுபோய் இடிப்பான்.”

“அதான் சார் நானும் சொல்றேன்.”

“டிசைன் எங்கம்மா இடிக்குது?” என்றார் அவர். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். “தப்பா நினைக்காதே. நான் பிரஸ்லயே பாத்துக்கறேன். தண்ணியைப் பாத்துக் குடி.”

*

“எதுக்குடி ‘முற்றிலும்’னு போட்டே?” என்றாள் அக்கா.

“இடம் இருந்துதுக்கா.”

“என்ன இடம்?”

“முதலாளி ‘வடிவமைப்பு இலவசம்’னு மட்டும்தான் போடச் சொன்னாரு. போர்டு அகலம் அதிகம். ரெண்டு வார்த்தை மட்டும் இருந்தா ரெண்டு பக்கமும் ஓன்னு காலியாத் தெரிஞ்சுது. நடுவுல நீளமா ஒரு வார்த்தை வேணும். அதான்...”

“அதான் முற்றிலும்.”

“ஆமா.”

“இடத்தை அடைக்கறதுக்கு உன் சோத்துல மண்ணைப் போட்டிருக்கே.”

“அப்ப எனக்குத் தெரியுமா, தனியா வருவேன்னு?”

“பொட்டி அழகா இருக்கணும்னு சாவியை உள்ள வச்சுப் பூட்டின கதையா இருக்கு. ஏங்க, கேட்டீங்களா?”

மாமா கேட்டார். கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தார். சிரித்த பிறகு, “ஆனா போர்டு அழகா இருக்குடா. அது பொய் இல்ல. நானே நின்னு பாத்திருக்கேன்” என்றார். அதுதான் இருப்பதிலேயே மோசமாக இருந்தது சின்னவளுக்கு. மூன்று வருடத்தில் அவள் செய்தவற்றில் உருப்படியானது அந்த போர்டுதான். தூரத்திலிருந்து படிக்கலாம், வெயிலில் வெளுக்காது, பார்த்தவன் மறக்க மாட்டான். மறக்க மாட்டேன் என்கிறார்களே!

அந்த வாரம் முழுக்க அந்த போர்டு அவளுக்கு முன்னால் போய் நின்றது. பூச்செடி விற்கிறவர் சொன்னார், “அங்க சும்மாவே பண்றாங்களேம்மா.” மாடியில் நடனம் சொல்லித்தரும் அம்மா சொன்னார், “முற்றிலும்னு போட்டிருக்காங்கம்மா, நான் பாத்தேன்.” மருந்துக்கடைக்காரர் ஒன்றுமே சொல்லவில்லை, போனில் அந்த போர்டைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பிவைத்தார்.

நடுநடுவே மூவாயிரத்துக்குச் சம்மதித்த கண்ணாடிக்கடை அம்மா.

“எல்லாம் பிடிச்சிருக்கும்மா. அந்தக் கண்ணாடி மட்டும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருக்கணும்.”

“கண்ணாடி எப்படிம்மா சிரிக்கும்?”

“அது உனக்குத்தாம்மா தெரியும். நீதானே டிசைனர்.”

சிரிக்க வைத்து அனுப்பினாள். ரொம்பச் சிரிக்கிறது என்றார். குறைத்து அனுப்பினாள். இப்போது அழுகிற மாதிரி இருக்கிறது என்றார். கண்ணாடி பழைய நிலைக்கே வந்து சேர்ந்ததும், “இதான்மா நான் கேட்டது!” என்று பூரித்துப்போனார். அதோடு முடியவும் இல்லை. மகளிடமும் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

“திருத்தம் எத்தனைன்னு முதல்லயே சொன்னியா?” என்று அக்கா கேட்டாள்.

“விலையைக் குறைக்கற அவசரத்துல மறந்துட்டேன்.”

அக்கா உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. சனிக்கிழமை, சின்னவள் அச்சகத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் இரண்டு சுடிதார்களை அக்கா தேய்த்து நாற்காலி முதுகில் போட்டு வைத்தாள், கேட்காமலேயே. திங்கள்கிழமை புது மாதம்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. வந்து நின்றவர் அச்சகத்து முதலாளி. அவருக்குப் பின்னால் டிரைவிங் ஸ்கூல்காரர், கையில் சுருட்டிய ஃப்ளெக்ஸோடு. அவர் முகத்தைப் பார்த்தால் வண்டியை எங்கோ மோதிவிட்டு வந்தவர்போல இருந்தது.

“உள்ள வாங்க சார்” என்றாள் சின்னவள்.

“நீ எப்பம்மா உள்ள வரப்போறே?” என்றார் முதலாளி. “நாற்காலி காலியா கிடக்கு. என் மச்சான் உக்காந்திருக்கான்.”

“மச்சான் உக்காந்திருந்தா காலின்னு எப்படிச் சொல்றீங்க?” என்றார் மாமா.

“நீங்க அவன் வேலையைப் பாத்தா அப்படிக் கேக்க மாட்டீங்க.”

டிரைவிங் ஸ்கூல்காரர் ஃப்ளெக்ஸைத் தரையில் விரித்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கார் இருந்தது. எழுத்துகளும் இருந்தன. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் வலமிடமாகத் திரும்பி, கண்ணாடிக்குள் இருந்து பார்க்கிற மாதிரி நின்றது. போன் நம்பர்கூடத் தோற்று ஓடும் சேனைபோல முதுகைக் காட்டிக்கொண்டு போனது.

“கார் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துது. இந்தப் பக்கம் திருப்புங்கன்னு சொன்னேன்” என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். “காரை மட்டும் திருப்பத் தெரியல இவர் மச்சானுக்கு. எல்லாத்தையும் சேத்துத் திருப்பிட்டாரு.”

“பாத்ததும் கேக்கலையா சார்?”

“கேட்டேனே! ஆம்புலன்ஸ்ல இப்படித்தான் எழுதியிருக்கும், முன்னாடி போறவன் கண்ணாடியில பாத்தா நேராத் தெரியும்னாரு. சரி, விவரமான ஆளா இருக்காரேன்னு நானும் மாட்டிட்டேன்.”

“உங்களுது பின்னாடி மாட்டற போர்டாச்சே?”

“அது ரெண்டு நாள் கழிச்சுத்தாம்மா எனக்கே உறைச்சுது! என் வண்டிக்குப் பின்னாடி வர்றவன் எந்தக் கண்ணாடியில பாப்பான்? சிக்னல்ல நிக்கறப்ப ஒருத்தன் வண்டியை விட்டு எறங்கி வந்து கேக்கறான், ‘ஏங்க, ரிவர்ஸ் மட்டும்தான் கத்துக்குடுப்பீங்களா?’”

அக்கா சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

“டிசைன் இடிக்காதுன்னீங்களே சார்” என்றாள் சின்னவள்.

“இடிச்சிருச்சும்மா. இப்ப அதுக்கு என்ன?”

முதலாளி தொண்டையைச் செருமினார். “இதோ பாரும்மா. நாளைக்கு வந்துடு. சம்பளத்துல கொஞ்சம் ஏத்தித் தரேன்.”

“மெஷினுக்கா சார்?”

“எந்த மெஷினுக்கு?”

“ஒண்ணுமில்ல.” சின்னவள் நாற்காலி முதுகில் தேய்த்துக் கிடந்த சுடிதாரை ஒரு முறை பார்த்தாள். “நான் நாற்காலிக்கு வரல சார். வேலை குடுங்க, இங்கயிருந்து செஞ்சு தரேன். டிசைனுக்கு இவ்வளவுன்னு.”

“நான் எங்கயிருந்து குடுப்பேன்? நான் வாடிக்கையாளர்கிட்ட டிசைனுக்குக் காசு வாங்கறதில்லையே.”

“வாங்குங்க.”

“எப்படி வாங்கறது? வாசல்ல போர்டு தொங்குது! முற்றிலும்னு!”

“அந்த போர்டு தொங்கற வரைக்கும் நீங்களும் கேக்க முடியாது, நானும் கேக்க முடியாது சார். உங்க மச்சானை வச்சுக்கிட்டு எல்லாரையும் கண்ணாடிக்குள்ள அனுப்ப வேண்டியதுதான். அந்த போர்டை மாத்துங்க.”

“மாத்தினா கூட்டம் வருமா?”

“இவரு வந்தாரு, போர்டைப் பாத்துத்தான். இப்ப போயிடுவாரு, போர்டாலதான். கேட்டுப் பாருங்க.”

“போயிடுவேன்” என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். “அச்சடிக்கற வேலையையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். ரிவர்ஸ்லயாவது போயிடுவேன்.”

முதலாளி அவரைப் பார்த்தார். தரையில் கிடந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தார்.

“புது போர்டு யாரு போடறது? அதைவிட நல்லா இருக்கணுமே.”

“நான்தான் போடணும்.”

“என்ன கேப்பே?”

சமையலறையிலிருந்து அக்கா வந்து, கேட்காமலேயே, ஒரு டம்ளர் தண்ணீரை மேசைமேல் வைத்தாள். முதலாளி அது தனக்கு என்று நினைத்துக் கையை நீட்டினார். அதற்குள் சின்னவள் எடுத்துக்கொண்டாள்.

“போர்டு, புதுக் கார்டு, உங்க பிரஸ்ஸுக்கு ஒரு லோகோ. மூணும் சேத்து. திருத்தம் ரெண்டு தடவை. பாதி முன்பணம். பன்னிரண்டாயிரம்.”

ஒரு வாய் தண்ணீர். கன்னம் உப்பியது.

“பன்னிரண்டா! மாசம் முழுக்க உக்காந்ததுக்கே உனக்கு...” என்று ஆரம்பித்த முதலாளி, அவள் சம்பளத்தை வாய்விட்டுச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்ததோ என்னவோ, பாதியில் நிறுத்தினார். “ஆறு.”

சின்னவள் அவரையே பார்த்தாள். மாமா தன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும் என்று அக்கா அவர் கையைப் பிடித்திருந்தாள்.

“ஆறரை. என்னம்மா, பேச மாட்டேங்கறே? கோபமா? சரி, எட்டு. நான் உன்னை வேலைக்கு எடுத்தப்ப உனக்கு மௌஸ் பிடிக்கத் தெரியுமா?”

தெரியும். அவள் தலையை ஆட்டினாள். தாடை வலித்தது.

“ஒன்பது. ஏம்மா, இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு? பல்லு வலியா?” அவர் அக்காவிடம் கேட்டார்.

“பல்லுக்கு எங்க க்ளினிக்ல தனி ரேட்டு சார்” என்றாள் அக்கா, மின்விசிறியைப் பார்த்து.

“பத்து. பத்துக்கு மேல என்னால முடியாது.”

முடியாது என்று சொன்னவர் எழுந்திருக்கவில்லை. மேசைமேல் விரலால் தாளம் போட்டார். தெருவில் எவனோ வண்டியைப் பின்னால் எடுத்தான். அந்த ‘டீங், டீங்’ சத்தம் கேட்டதும் டிரைவிங் ஸ்கூல்காரருக்குப் பொறுக்கவில்லை.

“குடுத்துத் தொலைங்க சார்! அவ போட்டதை நம்பித்தானே மூணு வருஷம் கடை ஓடிச்சு. என் வண்டி ஊரெல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டு ஓடுது. நீங்க சரின்னா நானும் இவகிட்டயே குடுக்கறேன். பன்னிரண்டு. அன்னைக்கே குடுத்திருந்தா இந்த மானக்கேடு இல்ல.”

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“சரிம்மா. பன்னிரண்டு. சரி.”

சின்னவள் தண்ணீரை முழுங்கினாள். மூச்சு வந்தது. மூச்சோடு சேர்ந்து வார்த்தையும் வந்தது.

“உங்களுக்குன்னா சார்...”

அக்கா பாய்ந்து வந்து டம்ளரை மறுபடி அவள் வாயில் வைத்து அழுத்தினாள். “குடி. தாகமா இருப்பே. குடி.”

“என்னமோ சொல்ல வந்துச்சே?” என்றார் முதலாளி.

“உங்களுக்குன்னா சீக்கிரமே முடிச்சுத் தருவேன்னு சொல்ல வந்தா” என்றார் மாமா.

முன்பணத்தை எண்ணி வைத்துவிட்டு, கிளம்புகிற நேரத்தில் முதலாளிக்குச் சந்தேகம் வந்தது.

“அது சரி, அந்த ‘முற்றிலும் இலவசம்’ இருக்கற இடத்துல என்ன போடப்போறே? போர்டு அகலமாச்சே.”

“ஒண்ணும் போடப்போறதில்ல சார். பிரஸ் பேரு மட்டும் நடுவுல. ரெண்டு பக்கமும் காலி.”

“காலியா? சும்மா விடறதுக்கா பன்னிரண்டாயிரம்?”

“அதைச் சும்மா விடத் தெரியாமத்தான் சார் இவ்வளவு கஷ்டம்” என்றாள் சின்னவள்.

அவர்கள் போன பிறகு அக்கா நாற்காலி முதுகில் கிடந்த சுடிதார்களை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். ஒப்பந்தப்படி வாய் திறக்கக் கூடாது என்று மிகவும் பாடுபட்டாள். முடியவில்லை.

“இருந்தாலும் ‘உங்களுக்குன்னா’ன்னு ஆரம்பிச்சே பாரு...”

போன் அடித்தது. கண்ணாடிக்கடை அம்மா.

“மகளுக்குக் காட்டினேம்மா. எல்லாம் பிரமாதம்னு சொல்றா. ஒரே ஒரு சின்ன மாத்தம். கண்ணாடிக்குப் பதிலா ஒரு கண்ணு போட்டா என்ன? மூணாயிரத்துக்குள்ளயே முடிஞ்சிடும் இல்லம்மா?”

“கண்ணுன்னா புது வேலைம்மா. முதல்ல இருந்து வரையணும். ரெண்டாயிரம் தனியா ஆகும்...”

சின்னவளின் கை மேசைமேல் துழாவியது. டம்ளர் காலி.

“அக்கா, தண்ணி! சீக்கிரம்!”